சைமன் மேயோ கையோடு எடுத்துக்கொண்டு போனது

நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி இது: ‘முப்பது வருடத்துக்கு மேல் பிபிசியில் வானொலித் தொகுப்பாளராக இருந்த சைமன் மேயோ அதை விட்டுவிட்டு பாட்காஸ்டுக்குப் போனது ஏன்? ஓரங்கட்டினார்களா, அவராகவே போனாரா? பாட்காஸ்ட் என்பது வானொலிக்காரர்களின் முதியோர் இல்லமா?’ அதோடு, தனியார் பண்பலை ஒன்றில் ஏழு வருடமாக மாலை நிகழ்ச்சி நடத்துவதாகவும், நிர்வாகம் மாறப்போவதாகப் பேச்சு அடிபடுவதாகவும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். மேயோவைச் சாக்காக வைத்து நீங்கள் கேட்பது, நிலையம் கைவிட்டாலும் நேயர்கள் கூட வருவார்களா என்பது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தென் மாவட்டத்து வானொலி நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். பாதிக் காலம் அறிவிப்பாளர், மீதிக் காலம் தயாரிப்பாளர். லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. மேயோவை எனக்குத் தெரிந்தது நேயனாகத்தான். அவரும் சினிமா விமர்சகர் மார்க் கெர்மோடும் நடத்திய வாராந்திர சினிமா நிகழ்ச்சியை 2009 வாக்கில் தரவிறக்கிக் கேட்க ஆரம்பித்து, இன்று வரை விடவில்லை. ஆகவே அவர் வேலை செய்யும் விதத்தைப் பற்றி நான் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாக நம்பலாம். பிபிசி மாடியில் நடந்ததைப் பற்றிச் சொல்வதை ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேள்வியில் இருக்கும் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். மேயோ வானொலியை விடவில்லை. 2018 கடைசியில் பிபிசி ரேடியோ 2-ஐ விட்டார். 2019 மார்ச்சில் பாவர் என்ற தனியார் ஊடகக் குழுமம் தொடங்கிய ஸ்காலா ரேடியோ என்ற செவ்வியல் இசை நிலையத்தில் காலை நிகழ்ச்சி நடத்தினார். 2021 மார்ச்சில் அதே குழுமத்தின் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோவில் மாலை நிகழ்ச்சிக்கு வந்தார். இதற்கெல்லாம் நடுவில் பிபிசி ரேடியோ 5 லைவில் வெள்ளிக்கிழமை சினிமா நிகழ்ச்சியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது நின்றது 2022 ஏப்ரல் 1 அன்று. அடுத்த மாதமே, சோனி மியூசிக் ஆதரவில், அதே இருவரும் ‘கெர்மோட் அண்ட் மேயோஸ் டேக்’ என்ற பெயரில் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். பாட்டுக்கு ஒரு நிலையம், பேச்சுக்கு ஒரு பாட்காஸ்ட் என்று இரண்டு இடத்திலும் கடை விரித்திருக்கிறார். இந்தப் பிரிவினை தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவருடைய ஆரம்பம் மருத்துவமனை வானொலி. இது நம் பக்கம் இல்லாத ஒரு ஏற்பாடு என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரிட்டனில் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில், சம்பளமில்லாத தொண்டர்கள் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு, அந்த மருத்துவமனைக்குள் மட்டும் கேட்கும்படி நிகழ்ச்சி நடத்துவார்கள். கட்டிலுக்குக் கட்டில் காதொலிக் கருவி தொங்கும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் தொண்டர் ஒருவர் கையில் காகிதத்தோடு வார்டு வார்டாகப் போய், என்ன பாட்டு வேண்டும், யாருக்காக என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மூதாட்டி தன் பேத்தியின் பெயரைச் சொல்வார். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெயர் அவர் காதில் ஒலிக்கும். கேட்பவர்கள் சில நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். அதில் பாதிப் பேர் தூங்கிப்போயிருப்பார்கள். பிரிட்டிஷ் வானொலியின் பெரிய பெயர்கள் பலர் இந்தக் கூடத்திலிருந்து வந்தவர்கள். தெற்குக் கடலோரத்தில் ஷோரம் என்ற ஊர் மருத்துவமனையில் மேயோ இதைச் செய்தார். பிறகு வார்விக் பல்கலைக்கழகத்துப் பட்டம், 1980களின் முற்பாதியில் பிபிசி ரேடியோ நாட்டிங்ஹாம், 1986-ல் பிபிசியின் பாப் இசை நிலையமான ரேடியோ 1.

1988 மே மாதம் ரேடியோ 1-ன் காலை நிகழ்ச்சி கைக்கு வந்தது. அந்த நாளில் பிரிட்டிஷ் வானொலியில் அதைவிடப் பெரிய நாற்காலி கிடையாது. வயது இருபத்தொன்பது. 1993 வரை அதில் இருந்தார். அந்தக் காலத்து நிகழ்ச்சிகளில் இரண்டு சங்கதிகள் முக்கியம். ஒன்று, யாரும் சீந்தாத பழைய வேடிக்கைப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு நேயர்களைப் பைத்தியமாக்குவது. ஸ்காட்லாந்துப் பாடகர் ஆண்டி ஸ்டூவர்ட் 1960-ல் பாடிய ஒரு கிண்டல் பாட்டு, மேயோவின் தயவில் 1989-ல் மறுபடி விற்பனைக்கு வந்து அட்டவணையில் 4-ஆம் இடம் பிடித்தது. மாண்டி பைத்தான் குழுவின் பழைய பாட்டு ஒன்று 1991-ல் 3-ஆம் இடம் வரை போனது. இன்னொன்று ‘கன்ஃபெஷன்ஸ்’, அதாவது பாவமன்னிப்பு. நேயர் தான் எப்போதோ செய்த திருட்டுத்தனத்தை எழுதி அனுப்புவார். பக்கத்து வீட்டுக்காரரின் செல்லப் பிராணியைத் தவறுதலாகச் சாகடித்தது, பள்ளிக்கூடத்தில் அடித்த கூத்து என்ற மாதிரி. மேயோ அதைப் பாதிரியார் போல் முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பார். முடிவில் கூடத்தில் இருப்பவர்கள் மன்னிக்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வார்கள்.

பாவமன்னிப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தப் பகுதிக்கான சரக்கு முழுவதும் நேயருடையது. தொகுப்பாளர் கொடுப்பது குரல், நேரம் பார்த்து நிறுத்துதல், ஒரு தீர்ப்பு, அவ்வளவுதான். இசைத்தட்டு நிறுவனத்தை நம்பியிருக்கவில்லை, விருந்தினரை நம்பியிருக்கவில்லை. அதனால்தான் அந்தப் பகுதி ரேடியோ 1-ல் பிறந்து, 1990களில் தொலைக்காட்சிக்குப் போய், 2010-க்குப் பிறகு ரேடியோ 2 மாலை நிகழ்ச்சியில் உயிர்பெற்று, இப்போது கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோவிலும் ஒலிக்கிறது. நிலையங்கள் மாறின, முதலாளிகள் மாறினார்கள், கடிதம் எழுதுகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

1993-ல் ரேடியோ 1-க்கு மேத்யூ பானிஸ்டர் தலைமைக்கு வந்து பழைய முகங்களை மாற்றினார். டேவ் லீ டிராவிஸ் நேரலையிலேயே ராஜினாமாவை அறிவித்தார். சைமன் பேட்ஸ் போனார். மேயோ போகவில்லை. பேட்ஸ் காலி செய்த முற்பகல் நேரத்துக்கு நகர்ந்து, 2001 வரை அங்கேயே இருந்தார். புயலில் வேர் பிடுங்காமல் இருந்ததற்கு இன்ன காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று மட்டும் தெரிகிறது. காலை நாற்காலி போனதை அவர் அவமானமாக எடுத்துக்கொண்டதாக ஒலிபரப்பில் காட்டிக்கொள்ளவில்லை. நம் தொழிலில் இது சுலபமில்லை. காலை நேரத்திலிருந்து மதியத்துக்கு மாற்றப்பட்ட என் சக ஊழியர் ஒருவர், மாதக்கணக்கில் மைக் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நேயர்கள்தான் முதலில் கண்டுபிடித்துக் கேட்டு எழுதினார்கள்.

முற்பகல் நிகழ்ச்சியில் சினிமா விமர்சனம் சொல்ல வந்தவர்தான் மார்க் கெர்மோட். 2001-ல் மேயோ 5 லைவ் பிற்பகல் நிகழ்ச்சிக்குப் போனபோது வெள்ளிக்கிழமைகளில் கெர்மோடும் வந்து சேர்ந்தார். 5 லைவ் பாட்டே போடாத நிலையம். செய்தி, விளையாட்டு, பேச்சு. காலை நேரத்து இசைக்காரர் ஒருவர் நாற்பத்திரண்டு வயதில் அங்கே போய் அமைச்சர்களையும் எழுத்தாளர்களையும் பேட்டி எடுக்கக் கற்றுக்கொண்டதை அவருடைய வாழ்க்கையின் திருப்புமுனையாக நான் பார்க்கிறேன். பாட்டுக்கு நடுவே முப்பது வினாடி பேசத் தெரிந்தவருக்கும், இரண்டு மணி நேரம் பேச்சையே ஓட்டத் தெரிந்தவருக்கும் உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தை 2001-லேயே கடந்திருக்காவிட்டால் 2022-ல் பாட்காஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. கேட்டவர்கள் பாட்காஸ்டுக்கு ‘போனார்’ என்கிறார்கள். என் கணக்கில் அவர் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அந்தச் சினிமா நிகழ்ச்சியைக் கேட்காதவர்களுக்காக ஒரு சித்திரம். கெர்மோட் மூச்சு விடாமல் பேசுகிறவர், திகில் படங்களில் ஊறியவர், பிடிக்காத படத்தை ஐந்து நிமிடம் தொடர்ந்து காய்ச்சி எடுப்பார். மேயோ அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே செய்ய மாட்டார். எதிரில் காகிதம் புரளும் சத்தம் கேட்கும். மூச்சு வாங்க கெர்மோட் நிறுத்தும் இடத்தில், ‘சரி, பிடித்திருந்ததா?’ என்ற தொனியில் ஒற்றைச் சொல் வரும். மறுபடி வெடிக்கும். மிருதங்கம் முழங்கும்போது தம்பூரா போடுகிறவர் செய்யும் வேலை அது. பிரிட்டன் வசூல் அட்டவணையின் முதல் பத்துப் படங்களை வரிசையாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நேயர் கடிதம் இருக்கும். படத்தில் வரும் நோயைப் பற்றி அந்த நோய்க்கு மருத்துவம் பார்ப்பவர் எழுதியிருப்பார். கப்பல் படத்தைப் பற்றி மாலுமி எழுதியிருப்பார். கெர்மோட் தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார்கள். அவரும் அங்கேயே ஒப்புக்கொள்வார். திரையரங்கு ஒழுக்க விதிகள் என்று ஒரு பட்டியலையும் சேர்ந்து உருவாக்கினார்கள். காகிதத்தைச் சரசரக்கக் கூடாது, முன் இருக்கையை உதைக்கக் கூடாது, செருப்பைக் கழற்றக் கூடாது, உள்ளே ஒன்றும் வைக்காத மென்மையான ரொட்டியைவிடக் கெட்டியான எதையும் தின்னக் கூடாது. விளையாட்டாகத் தொடங்கிய இந்தப் பட்டியலைச் சில திரையரங்குகள் நிஜமாகவே சுவரில் ஒட்டின. நடிகர் ஜேசன் ஐசக்ஸ், கெர்மோடின் பள்ளித் தோழர். ஒவ்வொரு வாரமும் அவருக்கு ஒரு வணக்கம் சொல்வது சடங்கு. காரணம் தெரியாமல் புதிதாகக் கேட்பவர் விழிப்பார். நான்கு வாரத்தில் அவரும் அந்தச் சபையில் ஒருவராகிவிடுவார்.

2018 விவகாரத்துக்கு வருகிறேன், நீங்கள் ‘ஓரங்கட்டினார்களா’ என்று கேட்டது அதைத்தானே. உறுதியாகத் தெரிந்தவை இவை. 2010 ஜனவரியிலிருந்து ரேடியோ 2 மாலை நிகழ்ச்சியை மேயோ நடத்தினார். வாரத்துக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல் நேயர்கள். அந்த நிலையத்தின் வாரநாள் பகல் நேரம் முழுவதும் ஆண் தொகுப்பாளர்களே இருந்தார்கள் என்ற விமர்சனம் நெடுநாளாக இருந்தது. நியாயமான விமர்சனம். 2018 மே மாதம், இரவு நிகழ்ச்சி நடத்திவந்த ஜோ வைலியை மேயோவோடு சேர்த்து இருவர் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். நேயர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் கூட்டு முடிவுக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. வைலி தனியாக இரவுக்குத் திரும்பினார், மேயோ ஆண்டுக் கடைசியில் ரேடியோ 2-ஐ விட்டார், மாலை நேரத்துக்கு சாரா காக்ஸ் வந்தார். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஊகம், அதில் நான் இறங்கவில்லை.

தொழில்காரனாக ஒரு கருத்து உண்டு. இருவருமே திறமைசாலிகள், ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். பிழை ஏற்பாட்டில் இருந்தது. ஒற்றைத் தொகுப்பாளர் நிகழ்ச்சியில் நேயர் கடிதம் ஒருவருக்கு எழுதப்படுகிறது. திடீரென்று எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்தால், எழுதுகிறவருக்கு யாரைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாது. எங்கள் நிலையத்திலும் ஒருமுறை நேயர் கடித நிகழ்ச்சிக்கு இரண்டாவது அறிவிப்பாளரைச் சேர்த்தார்கள். பாதிக் கடிதத்தை நான் வாசிக்க, மீதியை அவர் வாசிக்க, நடுவில் இருவரும் சிரிக்க. மூன்று மாதத்தில் அஞ்சலட்டைகள் பாதியாகக் குறைந்தன. பெண் தொகுப்பாளருக்கு மாலை நேரம் கொடுக்க வேண்டும் என்றால் முழுதாகவே கொடுத்திருக்கலாம். கடைசியில் அதைத்தான் செய்தார்கள், இரண்டு பேருக்கும் ஏழு மாதச் சங்கடத்தைக் கொடுத்த பிறகு.

இனி பாட்காஸ்ட். முன்னால் ‘காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்’ என்றேன். வானொலி நிலையம் ஒரு பாட்டை முழுதாகப் போடுவது மொத்த உரிமம் ஒன்றின் பேரில். நிலையம் கட்டணம் கட்டிவிடும், தொகுப்பாளர் எதை வேண்டுமானாலும் போடலாம். அந்த உரிமம் பாட்காஸ்டுக்குச் செல்லாது. வணிக இசைத்தட்டு ஒன்றைப் பாட்காஸ்டில் முழுதாகப் போட வேண்டுமானால் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வாரத்துக்கு முப்பது பாட்டுக்கு அது நடக்கிற காரியமல்ல. ஆகவே இசை நிகழ்ச்சி நடத்துகிறவர் பாட்டை விட்டுவிட்டு வெளியேற முடியாது, நிலையத்தோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். பேச்சுக்கு அந்தக் கட்டு இல்லை. மேயோ பாட்டோடு ஒரு நிலையத்திலும் பேச்சோடு பாட்காஸ்டிலும் இருப்பதற்கு இதுவே அடிப்படை என்று நினைக்கிறேன். அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

கடிகாரம் இன்னொன்று. 5 லைவில் செய்திக்கு நிறுத்தியாக வேண்டும். வாக்கியத்தின் நடுவில் கெர்மோட் இருந்தாலும் மணி அடித்துவிட்டால் முடிந்தது. பெரிய செய்தி ஒன்று வெடித்தால் நிகழ்ச்சியே பறிபோகும். தரவிறக்கத்துக்கான பதிப்பில் அதனால்தான் ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் பேசியதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்களைப் போன்ற பழைய நேயர்கள் அந்தத் துண்டுகளுக்காகவே காத்திருப்போம். புதிய பாட்காஸ்ட் என்பது அந்த முன்பின் துண்டுகள் வளர்ந்து முழு நிகழ்ச்சியானதுதான். வாரத்தில் ஒரு பகுதி எல்லோருக்கும், இன்னொன்று சந்தா கட்டுகிறவர்களுக்கு. இழப்பும் உண்டு. பிபிசியில் விளம்பரம் கிடையாது, இங்கே மேயோவே விளம்பர வாசகம் படிக்கிறார். அதையும் பாதிக் கிண்டலாகப் படிப்பது அவர் சாமர்த்தியம் என்றாலும், எனக்கு இன்னும் பழகவில்லை. கடிகாரம் இல்லாததால் சில வாரங்களில் பேச்சு தளர்ந்தும் போகிறது. நிறுத்தச் சொல்லும் மணி பகைவன் இல்லை என்பது மணி போன பிறகு புரிகிறது.

பெயரைக் கவனியுங்கள். பழைய நிகழ்ச்சியின் பெயரையோ இருபது வருடத்து ஒலிப்பதிவுகளையோ அவர்கள் கொண்டுவரவில்லை. புதுப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கொண்டுவந்தது ஐசக்ஸுக்கு வணக்கம், ஒழுக்க விதிகள், கடிதம் எழுதும் கூட்டம். இவை எந்த நிலையத்தின் அலமாரியிலும் பூட்டி வைக்க முடியாதவை. இதற்கு நேர்மாறான உதாரணம் கென் புரூஸ். ரேடியோ 2 முற்பகல் நிகழ்ச்சியில் வருடக்கணக்காக நடத்திய ‘பாப்மாஸ்டர்’ என்ற இசைப் புதிரின் பெயரைத் தன் பேரில் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொண்டார். 2023 மார்ச்சில் பிபிசியை விட்டு ஏப்ரலில் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோவுக்கு வந்தபோது புதிரும் கூடவே வந்தது.

முதியோர் இல்லமா என்ற கேள்விக்கு மேயோவை மட்டும் வைத்துப் பதில் சொல்லக் கூடாது. எலிஸ் ஜேம்ஸ், ஜான் ராபின்ஸ் என்ற இருவர் ரேடியோ எக்ஸ் என்ற தனியார் நிலையத்தில் பாட்காஸ்டாகவும் வெளிவந்த நிகழ்ச்சி ஒன்றின் மூலம் கூட்டம் சேர்த்து, 2019-ல் பிபிசிக்குள் போனார்கள். எதிர்த் திசை. போக்குவரத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. வானொலியும் அங்கே படுத்துவிடவில்லை. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வாரம் ஒருமுறையாவது வானொலி கேட்பதாக ராஜார் கணக்கெடுப்பு சொல்கிறது. அது மாதிரிக் கணக்கு, பெரும்பாலும் நேயர்கள் ஒரு வாரம் நாட்குறிப்பில் கால் மணி கால் மணியாகக் குறித்துக் கொடுப்பதிலிருந்து பெருக்கி எடுப்பது. பாட்காஸ்டில் தரவிறக்கத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம், ஆனால் இறக்கியவர் கேட்டாரா என்பது வேறு விஷயம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘இத்தனை பேர் கூட வந்தார்கள்’ என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விடுங்கள், விடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் நிகழ்ச்சியை நான் கேட்டதும் இல்லை. இரண்டு காரியம் மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். ஒப்பந்தத்தை எடுத்து, நிகழ்ச்சிப் பெயரும் ஒலிப்பதிவும் யாருடையது என்று எழுதியிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் படியுங்கள். அது அநேகமாக நிலையத்தின் பக்கம்தான் இருக்கும். பிறகு உங்களுக்கு வரும் செய்திகளை இரண்டாகப் பிரியுங்கள். பாட்டுக் கேட்டு வருபவை ஒரு பக்கம், ஏதாவது ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று வருபவை இன்னொரு பக்கம். முதல் வகையை நீங்கள் எடுத்துக்கொண்டு போக முடியாது. இரண்டாவது வகை ஒரு வாரத்துக்கு எத்தனை வருகிறது என்று எண்ணி இங்கேயே எழுதுங்கள், அந்த எண்ணை வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.